நீதியரசர் கிருஷ்ணய்யர் காட்டிய நெறி



நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் 1915-இல் பிறந்தார். சென்னையில் சட்டம் பயின்று, தலைச்சேரியில் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் வழக்காடினார். 1948-இல் சிறையும் கண்டார். 1952-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர். 1957-இல் கேரள அமைச்சர். 1973 முதல் 1980 வரை உச்சநீதிமன்ற நீதிபதி.

நாம் மறக்கலாகாதது 1975-ஆம் ஆண்டின் என்.எம். தாமஸ் வழக்கு. பதவி உயர்வுக்குரிய துறைத்தேர்வில் தேற, தாழ்த்தப்பட்ட, பழங்குடி எழுத்தர்களுக்குக் கேரள அரசு கூடுதல் காலம் வழங்கியது. அது செல்லாதென உயர்நீதிமன்றம் கூறிற்று. உச்சநீதிமன்றத்தில் எழுவருள் ஐவர் செல்லுமென்றனர். இவர் அவ்வைவருள் ஒருவர். தேர்வு நீக்கப்படவில்லை, காலமே நீட்டப்பட்டது என்பதை இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

அத்தீர்ப்பிலேயே ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: ஒதுக்கீட்டின் பயனை மேலே வந்துவிட்ட சிலரே நுகர்ந்தால், நலிந்தோர் என்றும் நலிந்தோராகவே இருப்பர் என்றார். இது நம்மையும் நோக்கிய சொல் அன்றோ?

ஆதலின், மாடம்பாக்கத்தில் தேர்வெழுதிப் பணி பெற்ற நம் இளைஞர் ஒவ்வொருவரும், தம் தெருவில் முதன்முதலாகப் பள்ளி செல்லும் குடும்பத்துப் பிள்ளைகள் இருவருக்கேனும் மாலையில் பாடம் சொல்லித்தர முன்வருமாறு வேண்டி அமைகிறேன்.