மங்கும் ஒளியும் மாயப் புனைவும்



மாயப் புனைவு என்றதும் சிறுவர்க்கான வெற்றிக் கதை என எண்ணுவோர் பலர். அரக்கன் மடிவான்; அரசன் முடி சூடுவான்; கதை முடியும். ஆயினும் இவ்வகையின் தலையாய நூல்களைப் படித்து முடிக்கையில் நெஞ்சில் எஞ்சுவது களிப்பன்று. ஏதோ ஒன்று உலகை விட்டு நீங்கிவிட்டது என்னும் துயரமே. வென்ற பின்னும் ஏன் இந்தக் கையறுநிலை?

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1916ஆம் ஆண்டில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் நின்றவர். பள்ளி நாள்களில் அமைந்த நெருங்கிய நட்பு வட்டத்தில் அவரோடு நால்வர். அவர்களுள் இருவர் அவ்வாண்டிலேயே போரில் மாண்டனர். அகழிக் காய்ச்சலோடு நாடு திரும்பியவர் முதன்முதலில் எழுதிய கதைகளுள் ஒன்று, மலைகளுக்கிடையே மறைந்திருந்த கோண்டோலின் என்னும் எழில்நகர் வீழ்ந்த கதை.

1954–55இல் மூன்று பாகங்களாக வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலிலும் அவ்விழப்பே அடிநாதம். எல்ஃப் இனத்தாரிடம் மூன்று மோதிரங்கள் உள்ளன. அவை போருக்கானவை அல்ல. அழகை வாடாமற் காப்பவை. எனினும் அவற்றின் ஆற்றல் தீய தலைமை மோதிரத்தோடு பிணைந்தது. அது அழியின் இவையும் ஒளி இழக்கும். லோத்லோரியன் வனத்தின் தலைவி கலாட்ரியல் இதை அறிந்தவள். அத்தலைமை மோதிரத்தையே ஃப்ரோடோ அவளிடம் தர முன்வருகிறான். ஏற்றால் வனம் வாடாது. ஆனால் அவள் கொடுங்கோலி ஆவாள். மறுத்தால் வனம் வாடும். அவள் அவளாகவே இருப்பாள். அவள் மறுக்கிறாள். வாளெடுக்காத அந்த மறுப்பு, எந்தப் போர் வெற்றிக்கும் குறைந்ததன்று.

உர்சுலா லெ குவின் 1972இல் எழுதிய 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' இதே வினாவை வேறு வழியில் அணுகுகிறது. சாவை ஏற்க மறுத்த மந்திரவாதி ஒருவன் உயிருலகுக்கும் சாவுலகுக்கும் இடையே ஒரு கதவைத் திறந்துவிடுகிறான். அதன் வழியே உலகின் ஒளி வடிகிறது. மந்திரம் அறிந்தோர் சொற்களை மறக்கின்றனர். பாடுவோர் பாட்டை மறக்கின்றனர். பெருமந்திரவாதி கெட் தன் ஆற்றல் அனைத்தையும் செலவிட்டு அக்கதவை அடைக்கிறான். 1990இல் வந்த 'டெஹானு'வில் அவன் ஆடு மேய்க்கும் எளிய மனிதன்.

இந்நூல்கள் பழம்பெருமைக்கு ஏங்குபவை என்று குறை கூறுவோர் உண்டு. டோல்கீனின் கதையில் அரசன் மீள்வதால் அக்குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அதே நூலில் எல்ஃப் இனத்தார் மீளவில்லை; கப்பலேறிக் கடல் கடக்கின்றனர். ஊரைக் காத்த ஃப்ரோடோவும் காயம் ஆறாமல் அவர்களோடு செல்கிறான். மங்குவதை மங்காமல் நிறுத்திவைக்கும் ஆசையே தீமைக்கு வாயிலாகும் என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர். இழப்பைப் பாடுதல் வேறு. இழந்ததைச் சிறைப்பிடிக்க முயலுதல் வேறு. கவிஞன் எப்போதும் நிற்க வேண்டிய எல்லைக்கோடு இது.

ஃப்ரோடோவின் தோழன் சாம் ஊர் திரும்புகையில், விழாக்கூட்டம் நிழல் தேடிய பெருமரம் வெட்டுண்டு கிடக்கிறது. கலாட்ரியல் அளித்த ஒற்றை விதையை அவன் அவ்விடத்திலேயே ஊன்றுகிறான். இளவேனிலில் பொற்பூக்களோடு ஒரு மரம் எழுகிறது. லோத்லோரியன் மீளாது, ஆனால் அதன் மரம் ஒன்று எளிய மக்களின் ஊரில் நிழல் தரும். மறைந்த பெருமைக்கு இலக்கியம் செய்யக்கூடிய கடன் அவ்வளவே, அது சிறிதன்று.