சடங்குக்கு மண்டபம் எடுக்கிறோம், பிள்ளையிடம் பேசுகிறோமா?

பிள்ளைகளிடம் உடலைப் பற்றியும் பிறப்பைப் பற்றியும் பேசலாமா என்று கேட்டால், "அதெல்லாம் நம் பண்பாட்டில் இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் நம்மைப் போல் இதை ஊரறியச் சொல்கிறவர்கள் குறைவு.

வீட்டுப் பெண் பெரிய பிள்ளை ஆனதும் என்ன செய்கிறோம்? தாய்மாமனுக்குத் தகவல் போகிறது. நாள் பார்த்து, அழைப்பிதழ் அச்சடித்து, அதில் பிள்ளையின் படத்தையும் போடுகிறோம். மண்டபம் எடுத்து, 300 பேருக்கு விருந்து வைக்கிறோம். வந்தவர் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஆனால் பட்டுச்சேலை கட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடம், உன் உடலில் நடப்பது இதுதான் என்று யாராவது சொன்னோமா? "பையன்களோடு விளையாடாதே, சாமி அறைக்குள் வராதே" என்பதோடு பல வீடுகளில் பாடம் முடிந்துவிடுகிறது.

சொல்ல வேண்டியது அதிகமில்லை. "கருப்பை என்பது குழந்தை வளரும் இடம். மாதந்தோறும் அதன் உட்சுவர் தடித்துத் தயாராகிறது. கரு தங்காவிட்டால் அந்தப் படலம் இரத்தத்தோடு வெளியேறுகிறது. அதுதான் மாதவிடாய். இது நோயுமில்லை, அழுக்குமில்லை. ஆரம்பத்தில் நாள் தள்ளித் தள்ளி வரலாம், பயப்படாதே." இவ்வளவுதான். இதை முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு 9, 10 வயதிலேயே வந்துவிடுகிறது. பள்ளிக் கழிவறையில் இரத்தத்தைக் கண்டு பிள்ளை தனியாக நடுங்கக்கூடாது.

ஆண்பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்குச் சடங்கும் இல்லை, பேச்சும் இல்லை. குரல் உடைகிறது, தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயந்து போர்வையை ஒளித்து வைக்கும் பையன் யாரிடம் கேட்பான்? கைத்தொலைபேசியிடம்தான் கேட்பான். அது காட்டும் ஆபாசத்தை வாழ்க்கை என்று நம்புவான். "எனக்கும் உன் வயதில் இப்படித்தான் இருந்தது, இது இயற்கை" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பயம் போய்விடும்.

சின்னப் பிள்ளை, "பாப்பா எப்படி வந்தது?" என்று கேட்கும். சாமி கொடுத்தது, ஆஸ்பத்திரியில் வாங்கினோம் என்று சமாளிக்காதீர்கள். நேர்காணல் செய்வது என் தொழில். அந்த அனுபவத்தில் ஒரு வழி சொல்கிறேன். முதலில் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: "நீ என்ன நினைக்கிறாய்?" பிள்ளைக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தேவை என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். நான்கு வயதுக்கு, "அம்மா வயிற்றில் கருப்பை என்ற இடத்தில் வளர்ந்தது" என்பது போதும். எட்டு வயதுக்கு, "அப்பாவின் விந்தணுவும் அம்மாவின் கருமுட்டையும் சேர்ந்து கருவாகிறது" என்று சொல்லலாம். 11, 12 வயதில் உடலுறவு என்றால் என்ன, அதன் பொறுப்பு என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதட்டி அனுப்பிய பிள்ளை மறுபடி நம்மிடம் வராது. வேறு ஒருவரிடம் போகும்.

அந்த வேறு ஒருவர் யார் என்பதுதான் என் கவலை. 2006 முதல் 2014 வரை மலேசியக் குழந்தைகளுக்குச் செய்த கொடுமைகளுக்காக ரிச்சர்ட் ஹக்கல் என்ற பிரிட்டிஷ்காரனுக்கு 2016இல் லண்டன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களிடம் தொண்டு செய்பவன் போல் பழகியவன் அவன். குழந்தைகளிடம் வருபவன் பெரும்பாலும் முகமூடிக் கள்வன் அல்லன். குடும்பத்துக்குத் தெரிந்தவன், நம்பிக்கைக்குரியவன்.

இந்த இடத்தில்தான் உடலுறுப்புகளின் பெயர் முக்கியமாகிறது. நம் வீடுகளில் பிறப்புறுப்புக்கு "ஷேம் ஷேம்" என்றே பெயர். ஒரு பிள்ளை ஆசிரியையிடம், "மாமா ஷேம் ஷேம் பண்ணினார்" என்றால் என்ன புரியும்? மாமா சட்டை போடாமல் நின்றார் போலும் என்று சிரித்துவிடுவார். ஆண்குறி, பெண்குறி, மார்பு, ஆசனவாய் என்று பெயர் தெரிந்த பிள்ளை நடந்ததைச் சொல்லும், கேட்பவருக்கும் புரியும். பெயரிலேயே வெட்கத்தை வைத்துக் கொடுத்தால், தப்பு தன்னுடையது என்று பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இல் வந்தது. பாலியல் நோக்கத்தோடு 18 வயதுக்குட்பட்டவரிடம் ஆசைகாட்டிப் பழகுவதே அதன்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கொடுமை நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதும் குற்றம்தான். "குடும்ப மானம்" என்று மூடி மறைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது. ஆனால் பிள்ளை வாய் திறந்தால்தான் சட்டம் வேலை செய்யும்.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்களே என்று கேட்கிறார்கள். யுனெஸ்கோ நிறுவனம் 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி பல நாட்டு ஆய்வுகளைப் பரிசீலித்தது. பாலியல் கல்வியால் பிள்ளைகள் உடலுறவில் ஈடுபடுவது கூடுவதில்லை என்பதே அதன் முடிவு.

எங்கே தொடங்குவது? வாய்ப்பு தானாகவே வரும். 2010இல் தொடங்கிய திட்டத்தின்படி, இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவ மாணவியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். அதற்கான ஒப்புதல் பாரம் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டுப் பையில் திணித்து அனுப்பாமல், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கருப்பை எங்கே இருக்கிறது, இந்த ஊசி எதற்கு என்று சொல்லுங்கள். அண்ணனும் தம்பியும் அங்கேயே இருந்தால் இருக்கட்டும். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரு மாலைப் பொழுதைப் பிள்ளைக்காக ஒதுக்குங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.