முரசு விலகினால்

‘பல் நீண்டுவிட்டது’ என்று மடுல்கெல்ல போன்ற தோட்டப்புறங்களில் முதியோர் சொல்வதுண்டு. உண்மையில் பல் நீள்வதில்லை. அதைப் போர்த்தியிருக்கும் முரசுதான் விலகுகிறது. மறைந்திருந்த வேர் வெளிப்படுகிறது. குளிர்ந்த நீர் பட்டாற் கூசுகிறது. இதற்குச் சத்திரசிகிச்சை உண்டா? உண்டு. ஆயின், முரசு எங்கே விலகியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

1970ஆம் ஆண்டில், நோர்வே நாட்டில் பிறந்த ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பரிசோதித்து, அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பல்வைத்திய வசதி எட்டாத ஆடவர் அவர்கள். 30 வயதளவில் அவர்களுள் நூற்றுக்கு 90 பேருக்கு முரசு விலகியிருந்தது. 40 வயதில் எல்லோருக்குமே விலகியிருந்தது. நோர்வேயிற் கற்றோரிடையேயும் இக்குறை காணப்பட்டது. ஆனால் அங்கே அது பெரும்பாலும் பல்லின் வெளிப்புறத்தோடு நின்றது. அழுத்தித் துலக்குவது அத்தகைய விலகலுக்கு ஒரு காரணம். நம் தொழிலாளருக்கோ பல்லிடுக்குகளிலும் பரவியிருந்தது.

இந்த வேறுபாடே வைத்தியர் முதலில் நோக்குவது. இடுக்கில் எலும்பும் முரசும் குறையாதிருந்தால், மேல்வாய் அண்ணத்திலிருந்து சிறிது இழையம் எடுத்து, வெளிப்பட்ட வேரின்மேல் வைத்து, முரசை இழுத்து மூடித் தைக்கலாம். வேர் முழுவதும் மூடப்படும் வாய்ப்பு அப்போது மிகுதி. முரசு மிக மெலிந்திருந்தால், அண்ணத்தின் மேற்படையோடு கூடிய துண்டொன்றை ஒட்டித் தடிப்பாக்கலாம். இடுக்கின் எலும்பு கரைந்துவிட்டாலோ, வேரை முழுவதும் மூட இயலாது. முரசைத் திறந்து, ஆழத்திற் படிந்த பற்காறையை அகற்றி, எஞ்சிய எலும்பைக் காப்பதே அப்போது சத்திரசிகிச்சையின் வேலை.

எந்த முறையாயினும், முதலிற் பற்காறையை நீக்கி வீக்கத்தைத் தணிக்க வேண்டும். புகைப்பழக்கம் ஒட்டிய இழையம் நன்கு பற்றுவதைக் கெடுக்கும்.

மடுல்கெல்லவிலிருந்து பேராதனைப் பல்வைத்தியசாலைக்குப் போய்வந்தால் ஒருநாட் சம்பளம் போய்விடுமே என்று தயங்குவோர் உளர். அத்தயக்கம் நியாயமானதே. ஆயினும், துலக்கும்போது இரத்தம் கசிகின்ற காலத்திலேயே போனால், பெரும்பாலும் பற்காறையை நீக்குவதோடு காரியம் முடிந்துவிடும். பல் ஆடத் தொடங்கிய பின் போவோருக்கு எத்தனை நாட்கள் செலவிட்டாலும், கரைந்த எலும்பு முழுவதும் மீள்வதில்லை.