வெள்ளைப்படுதலும் ஆய்வுக்கூடச் சோதனையும்



பேராக் மாநிலத்தில் முன்னாளைய ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அல்லது வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் தோட்டத்து லயத்தை விட்டு வந்தன. பழைய கூச்சத்தை விட்டு வரவில்லை. பெண்ணுறுப்பில் அரிப்பும் எரிச்சலும் வெள்ளைப்படுதலும் கண்டால் 'உடற்சூடு' என்று மறைத்துவிடுகிறோம். அல்லது அண்டை வீட்டார் தந்த மருந்தைப் பயன்படுத்துகிறோம்.

இத்துன்பத்திற்குக் காரணம் ஒன்றன்று. கேண்டிடா என்னும் பூஞ்சை, பாக்டீரியாக் கிருமிகள், டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரேவகை அறிகுறிகளைத் தரலாம். பூஞ்சைக்குரிய மருந்தோ ஏனைய இரண்டையும் தீர்க்காது. ஆகவேதான் சோதனை தேவைப்படுகிறது.

மருத்துவரோ தாதியோ பஞ்சுக்குச்சியால் சிறிதளவு கசிவை எடுப்பார். முதலில் அதன் அமிலநிலையைச் சோதனைத் தாளில் பார்ப்பர். பூஞ்சை நோயில் அவ்வளவு பெரும்பாலும் 4.5க்கு மேற்படாது, மற்ற இரண்டிலும் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். பின்னர்க் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புநீருடன் சேர்த்து நுணுக்குக்காட்டியில் நோக்கினால், ஒட்டுண்ணி இருப்பின் அது நீந்துவது தெரியலாம். 10 விழுக்காட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்தால் உடலணுக்கள் கரைந்து, பூஞ்சையின் மொட்டுகளும் இழைகளும் தெளிவாகத் தென்படும்.

அவ்வாறு தென்படாவிடினும் நோயில்லை என்று முடிவு செய்தலாகாது. கசிவைச் சபூரோ வளர்ப்பூடகத்தில் இட்டால், பொதுவாக 2, 3 நாட்களில் பூஞ்சை வெண்ணிறத் திட்டுகளாக வளரும். அதில் சிறிதைச் சீரத்தில் கலந்து 37 பாகை செல்சியசில் 2 முதல் 3 மணி நேரம் வைத்தால், கேண்டிடா அல்பிகன்ஸ் முளைக்குழல் விடும். கிளாப்ராட்டா இனம் விடாது. அதற்கு வழக்கமான மருந்து போதாமற் போகலாம். எனவே, நோய் திரும்பத் திரும்ப வருவோர்க்கு இச்சோதனை இன்றியமையாதது. அவர்கள் இனிப்புநீர் உள்ளதா என்று இரத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

துன்பமேதும் இல்லாத பெண்களுள்ளும் 100க்கு 10 முதல் 20 பேரிடம் இப்பூஞ்சை இருப்பதுண்டு. அவர்களுக்கு மருந்து வேண்டியதில்லை. ஆதலால் சோதனை முடிவையும் நாம் சொல்லும் குறைகளையும் மருத்துவர் சேர்த்தே பார்ப்பார். நாம் வாய் திறந்து சொன்னாலன்றி அவரால் இயலாது.

கருவுற்ற பெண்கள் தாமாக மாத்திரை உட்கொள்ளவே கூடாது. அரசாங்கச் சுகாதார நிலையம் அருகிலேயே உள்ளது. தாதியிடம் தனியே சொல்லலாம். வெட்கத்தால் நோய் தீராது; உரிய சோதனையே தீர்வுக்கு வழிகாட்டும்.