பதின்மூன்று முதல் பதினெட்டு வரை



1809-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் பள்ளி தொடங்கிய குமரி மண் இது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம். அந்தப் பெருமைக்குள் இன்னும் வந்து சேராத பிள்ளைகளைப் பற்றிப் பேச நிற்கிறேன். அறிவு வளர்ச்சிக் குறைபாட்டோடு பேச்சோ பார்வையோ கைகால் அசைவோ சேர்ந்து தடைப்பட்ட பிள்ளைகள். அவர்களிலும் பதின்ம வயதினர்.

சிறு வயதில் இவர்களைத் தூக்கிக் கொஞ்ச ஆள் உண்டு. மீசை அரும்பியதும் ஊர் விலகிக்கொள்கிறது. "இனி இவன் படிச்சு என்னத்துக்கு?" என்று சொந்தக்காரர்களே தாயிடம் கேட்கிறார்கள். பதினைந்து வயதுப் பையனை உட்கார வைத்து ஆப்பிள் படத்துக்குச் சிவப்பு தீட்டச் சொல்வதைக் கல்வி என்று என்னால் ஏற்க முடியவில்லை. நாளை அவன் வாழப்போகும் வீடும் தெருவும்தான் அவனுக்குப் பாடப்புத்தகம்.

இதற்கு வழி தெரியாமல் நாம் இல்லை. சென்னையில் சிறப்புக் கல்வி வல்லுநர்கள் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மதிப்பீட்டு முறையில் 18 துறைகள், துறைக்கு 20 செயல்கள், ஆக 360. சாப்பிடுவது, உடுத்துவது, பணம், நேரம், வீட்டு வேலை எல்லாம் எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். பிள்ளை எதைச் செய்கிறான் என்பதிலிருந்தே திட்டம் தொடங்கும்.

சட்டை போடுவதை எடுத்துக்கொள்வோம். கையை நுழைத்து, முன்பக்கம் இழுத்து, மேல் பொத்தான்களையும் ஆசிரியரே போட்டுவிடுவார். கடைசிப் பொத்தானை மட்டும் பாதி நுழைத்து விடுவார். மீதியைப் பையன் இழுக்க வேண்டும். அது கைவந்ததும் கடைசிப் பொத்தான் முழுவதும் அவனுடையது; பிறகு அதற்கு மேலுள்ளது. பின்னாலிருந்து முன்னால் வரும் இந்த முறையில், ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருக்கிறான். மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும்.

பெண் பிள்ளைகளின் மாதவிலக்கைப் பற்றி மேடையில் பேசக் கூசக் கூடாது. நாப்கின் மாற்றவும், மாற்றியதைத் தாளில் பொதிந்து கூடையில் போடவும், கதவைச் சாத்திக்கொள்ளவும் பூப்படையும் முன்பே பழக்கத் தொடங்க வேண்டும். யார் தொடலாம், யார் தொடக்கூடாது, பிடிக்காவிட்டால் எப்படி மறுப்பது என்பதும் அதோடு சேர்ந்த பாடம். பேச்சு வராத பெண்ணுக்கு மறுப்பைக் காட்டப் பட அட்டை கொடுங்கள்.

அடுத்தது வெளியே. வடசேரிச் சந்தையில் மட்டிப்பழம் வாங்கி மீதிச் சில்லறைக்காகக் காத்து நிற்கும் பழக்கத்தை வகுப்பறைக்குள் பொம்மை நோட்டு வைத்துக் கற்பிக்க முடியாது. 2012 திருத்தத்துக்குப் பின் கல்வி உரிமைச் சட்டம் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்விக்கு இடம் தந்தது. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு அது வரம். நடக்கக்கூடிய பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க அது சாக்காகிவிடக் கூடாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. பதினெட்டு முடிந்தால் தாயும் தகப்பனும் சட்டப்படி காப்பாளர் அல்லர். 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் உள்ள உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இனிக் காப்பாளர் அல்லர் என்ற செய்தி பல குடும்பங்களுக்கு வங்கிக் கவுன்டரில்தான் தெரியவருகிறது. பிள்ளைக்குப் பதினேழு ஆகும்போதே பெற்றோரை அழைத்து இதை விளக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர்கள் ஏற்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பிள்ளையும் உட்கார்ந்திருக்கட்டும். யாரோடு இருக்க விருப்பம் என்று அவனிடமும் கேளுங்கள்.