நால்வர் இயக்கும் கோட்டை



மாட்டுங்கா சந்தையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு தாதர் பக்கமாக நடந்தால், மரங்கள் அடர்ந்த பார்சிகளின் குடியிருப்பு வருகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரும், 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் இதே மும்பையில் பிறந்தவருமான ஒரு வீரரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அவரோடு சேர்த்து அறிய வேண்டிய வேறு சிலரைப் பற்றியும் பேசுவோம்.

லெப்டினன்ட் கர்னல் அர்தேஷிர் புர்ஸோர்ஜி தாராபூர் முதலில் ஹைதராபாத் சமஸ்தானப் படையில் காலாட்படை அதிகாரியாக இருந்தார். பயிற்சியின்போது ஒரு சிப்பாய் எறிந்த கைக்குண்டு தவறி அருகிலேயே விழுந்தது. தாராபூர் பாய்ந்து அதை எடுத்து அப்பால் வீசினார். அது வெடித்ததில் மார்பில் காயமுற்றார். அத்துணிவை மெச்சிய படைத்தலைவரிடம் அவர் கேட்ட பரிசு, கவசப் படைக்கு மாற்றம் ஒன்றே! சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பின்னர் பூனா ஹார்ஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 1965இல் அதன் தலைவராகச் சியால்கோட் களத்திற்குச் சென்றார்.

செப்டம்பர் 11ஆம் நாள் பில்லோராவில் டாங்கிப் போர் மூண்டது. காயமுற்ற தாராபூர் களத்தை விட்டு அகல மறுத்தார். 14ஆம் நாள் வஸீர்வாலி கைவசமாயிற்று. 16ஆம் நாள் ஜஸ்ஸோரான், புத்தூர் டோக்ராண்டி என்னும் ஊர்களும் வீழ்ந்தன. அன்றே அவரும் பகைவரின் குண்டுக்கு இரையானார். பரம வீர சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 60 பகை டாங்கிகளை அழித்த ரெஜிமெண்ட், தன் டாங்கிகளில் 9ஐ மட்டுமே இழந்ததாக அரசின் பாராட்டுரை கூறுகிறது.

அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு நமது தொழில். ஆங்கிலத்தில் 'க்ரூ' என்று ஒரு சொல் உண்டு. கப்பலுக்கானால் மாலுமிகள் என்று எழுதிவிடலாம். டாங்கிக்கு என்ன எழுதுவது? 'குழு' என்றால் கூட்டம் போட்டுக் கலையும் குழுவே நினைவிற்கு வருகிறது. அந்த இரும்புப் பெட்டிக்குள் இருப்பவர்கள் நினைத்தபோது கலைந்து போகக்கூடியவர்கள் அல்லர்.

தாராபூரின் படையிடம் இருந்தவை ஏறத்தாழ 50 டன் எடையுள்ள செஞ்சூரியன் டாங்கிகள். ஒவ்வொன்றிலும் நால்வர். தலைவர் மேல் மூடியைத் திறந்து, களத்தை நன்கு காண்பதற்காகத் தலையை வெளியே நீட்டியிருப்பார். ஆபத்தும் அவருக்கே மிகுதி. அவருக்குக் கீழே பீரங்கியைக் குறி பார்த்துச் சுடுபவர். கண்ணாடி வழியே தெரியும் சிறு வட்டமே அவருடைய உலகம். மூன்றாமவர் கனத்த குண்டுகளைக் கையால் தூக்கி நிரப்புவார். வானொலிக் கருவியையும் கவனிப்பார். ஓட்டுபவரோ முன்புறத்தில் தனியே அமர்ந்திருப்பார். தலைவரின் குரல் காதுக்கருவி வழியே வந்தால்தான் எங்கே திரும்புவதென்று அறிவார். ஒருவர் கண்டதை மற்றவர் காண்பதில்லை. ஒருவர் சொன்னதை மற்ற மூவரும் நம்புகிறார்கள். நம்பாமல் ஒரு நொடி தயங்கினால் நால்வருக்கும் முடிவு!

சண்டை ஓய்ந்தாலும் வேலை ஓய்வதில்லை. எரிபொருள் ஊற்ற வேண்டும். குண்டுகளை ஏற்ற வேண்டும். சக்கரங்களின்மேல் ஓடும் சங்கிலிப் பட்டையின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். காற்று வடிகட்டியில் படிந்த புழுதியைத் தட்ட வேண்டும். பீரங்கிக் குழாயைத் துடைக்க வேண்டும். அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்து செய்தாலொழிய விடிவதற்குள் இவை முடியா. சோறும் தூக்கமும் அதன் பின்னரே.

நம்மவருக்கும் இதில் பங்கு உண்டு. 1776இல் தோன்றி, பின்னர் சென்னை மாகாணத்துக் குதிரைப்படையில் சேர்ந்த 16ஆவது லைட் கவாலரி, இன்று தென்னாட்டு இளைஞர்கள் சேரும் கவசப் படை. 1965இல் அதுவும் சியால்கோட் களத்தில் நின்றது. விஜயந்தா முதல் அர்ஜுன் வரை டாங்கிகள் உருவானது நமது ஆவடியில். அங்கேயே கட்டப்பெற்ற டி-72இல் இயந்திரமே குண்டு நிரப்புவதால் மூவர் போதும். அர்ஜுனில் இன்றும் நால்வரே. இயந்திரம் ஓர் ஆளைக் குறைத்தது. ஆனால் அந்த ஆளின் பராமரிப்பு வேலை மற்ற மூவர் தோளில் ஏறியது.

தாராவியில் ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கிப் பிழைப்பைத் தொடங்கியவர்கள் நம்மில் பலர். ஒருவர் தண்ணீர் பிடிப்பார், ஒருவர் உலை வைப்பார், இரவு வேலைக்காரர் உறங்க மற்றவர் குரலைத் தாழ்த்துவார். ஊரில் ஒருவர் அனுப்பும் பணம் மட்டுமே தெரியும். அதை அனுப்ப உதவிய மற்றவர் பெயர் தெரியாது. பாராட்டுரைகளும் அப்படித்தான். அவற்றில் தலைவரின் பெயர் இருக்கும், அது முறையே. ஆயினும் தாராபூரின் பெயரைச் சொல்லும்போது, அவர் குரலை நம்பி ஓட்டியவரையும் சுட்டவரையும் குண்டு நிரப்பியவரையும் சேர்த்தே நினைப்போமாக.