வஞ்சப் புகழ்ச்சி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சொல் ஒன்றாகவும் கருத்து அதற்கு மாறாகவும் அமையப் பேசுவதை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். புகழ்வதுபோலப் பழிப்பதும், பழிப்பதுபோலப் புகழ்வதும் வஞ்சப் புகழ்ச்சியாம். இவற்றை இலேச அணியின்பாற் படுத்துவாரும் உளர் என்று தண்டியலங்காரம் கூறும்.

இதனோடு மயங்குவன சில உள. சிலேடையில் ஒரு தொடர்க்கு இரு பொருள்; இரண்டும் நிற்கும். வஞ்சப் புகழ்ச்சியிலோ மேற்பொருள் வீழ, உட்பொருளே நிற்கும். பொய்யும் உண்மைக்கு மாறானதே. ஆயின், பொய்யன் தன் உள்ளக்கருத்து மறைந்திருக்க விரும்புவான். வஞ்சமாகப் புகழ்வோன் அது வெளிப்படவே விரும்புவான். அங்கதம் என்பது வசை. அதனைச் செம்பொருள், கரந்தது என இருவகைப்படுத்தினார் தொல்காப்பியர். கரந்த வசைக்கு ஏற்ற கருவி வஞ்சப் புகழ்ச்சி.

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவையார். பீலியும் மாலையும் அணிந்து காவல்மனையில் இருந்த அவன் படைக்கலங்களைப் புகழ்ந்தார்; தம் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார். போர் கண்டவன் யார் என்பது சொல்லாமலே விளங்கிற்று. சேக்ஸ்பியரின் 'யூலியஸ் சீசர்' நாடகத்தில் அந்தோனி, புரூட்டஸை மாண்புடையவன் என்று திரும்பத் திரும்பக் கூறுகின்றான். கூறுந்தோறும் அம் மாண்பு தேய்கின்றது. ஈற்றில் மக்கள் கொதித்தெழுகின்றனர்.

இங்கு என் குற்றம் ஒன்றையும் சொல்லவேண்டும். பள்ளியில் என்னோடு படித்த கிராமத்து மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாடத்தைத் தட்டித் தடுமாறி வாசித்தான். "ஐயா பெரிய பண்டிதர்!" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அதன்பின் அவன் வாய்திறந்து வாசித்ததை நான் கேட்டதில்லை.

நான் ஆண்ட கருவி ஔவையார் ஆண்டதே. ஆனால், அவர் எதிரே நின்றவன் படையுடைய வேந்தன். என் எதிரே நின்றவன் மறுமொழி சொல்ல வலியற்ற சிறுவன். அவரது சொல் செருக்கை அடக்கியது. எனது சொல் ஒருவனது முயற்சியை அடக்கியது. நகை எள்ளலிலும் பிறக்கும் என்று தொல்காப்பியம் கூறும். நகை பிறந்துவிட்டதனால் அணி சிறந்துவிடாது.

ஆதலின், வாலிபர்களே, விவாத மேடையில் இக் கருவியை எடுக்குமுன் எதிரே நிற்பவன் யார் என்று பாருங்கள். வலியவனாயின் தயங்காது பேசுங்கள். மெலியவனாயின் நேரிய சொல்லே போதும்.